சிலிகான் கேஸ்கெட் 250 டிகிரியில் ஏன் கல்லாகிறது, எதைச் சேர்த்தால் தாங்கும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பேக்கரி ஓவன் கதவுக்கு சிலிகான் கேஸ்கெட் எக்ஸ்ட்ரூட் பண்ணி (அச்சு வழியாகப் பிதுக்கி நீளமாக எடுத்து) கொடுக்கிறீர்கள், கடினத்தன்மை 60 ஷோர் ஏ, சாம்பல் நிறம், டைகுளோரோபென்சாயில் பெராக்சைடு போட்டு ஹாட் ஏர் டனலில் க்யூர், அதாவது சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ரப்பராக்குவது. ஓவன் 250 டிகிரியில் ஓடுகிறது. இரண்டே மாதத்தில் கேஸ்கெட் கல்லாகி வெடித்துத் திரும்பி வருகிறது. எந்த அடிட்டிவ் போடலாம், எவ்வளவு போடலாம், ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கும் சரக்கை என்ன செய்வது?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல தரமான சிவப்பு ஃபெரிக் ஆக்சைடு, நூறு பங்கு கம்பவுண்டுக்கு 2 பங்கு. நிறம் வெளிறியே இருக்க வேண்டுமென்றால் சீரியம் ஆக்சைடு 1 பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் இதை மட்டும் எழுதி முடித்தால் உங்களுக்குப் பாதிப் பிரச்சினைதான் தீரும், ஏனென்றால் சிலிகான் ரப்பர் சூட்டில் ஒரே மாதிரி கெடுவதில்லை, இரண்டு விதமாகக் கெடும், இந்த ஆக்சைடுகள் அதில் ஒன்றுக்குத்தான் மருந்து.

அதனால் திரும்பி வந்த கேஸ்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புது பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஓவன் கேஸ்கெட்டில் இரண்டு பகுதி இருக்கும்: கதவு வந்து மூடுகிற உதடு, ஸ்டீல் சேனலுக்குள் சொருகி நிற்கிற அடிப்பாகம். உதட்டின் வெளித்தோல், ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ, கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். வளைத்தால் தோல் மட்டும் வெடிக்கும், உள்ளே இன்னும் கொஞ்சம் ரப்பர் குணம் மிச்சமிருக்கும். இப்போது சேனலுக்குள் இருந்த அடிப்பாகத்தைப் பாருங்கள். அது இறுகாமல் நேர்மாறாகக் கொழகொழவென்று, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரே துண்டில், ஒரே சூட்டில், மேலே கல், கீழே பிசின். இப்படி ஒரு துண்டை நான் முதல்முதலில் கையில் எடுத்தபோது இரண்டு வேறு கம்பவுண்டு கலந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கலப்பு எதுவும் இல்லை. மேல் பகுதிக்குக் காற்று கிடைத்தது, கீழ்ப் பகுதிக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றுப் படுகிற இடத்தில் என்ன நடக்கிறது? சிலிகானின் சங்கிலி சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வருவது. அந்தப் பிணைப்பின் வலு மோலுக்கு ஏறத்தாழ 450 கிலோஜூல், சாதாரண ரப்பரில் இருக்கிற கார்பன்-கார்பன் பிணைப்புக்கு 350க்குப் பக்கத்தில். சிலிகான் சூடு தாங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனால் அந்தச் சங்கிலியின் இரண்டு பக்கமும் மெத்தில் குழுக்கள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை) தொங்குகின்றன, பலவீனம் அங்கேதான். 200 டிகிரியைத் தாண்டியதும் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் மெத்திலைத் தாக்கி எரிக்க ஆரம்பிக்கிறது. ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் வெளியேறும். மெத்தில் போன இடத்தில் பக்கத்துச் சங்கிலியோடு ஆக்சிஜன் வழியாக ஒரு புதிய குறுக்குப் பிணைப்பு விழும். இப்படிப் பிணைப்பு மேல் பிணைப்பு விழுந்துகொண்டே போனால் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக சிலிக்காவாக, அதாவது மணலின் உறவுக்காரனாக, மாறுகிறது. ஷோர் ஏறும், நீட்சி இறங்கும், கடைசியில் வெடிக்கும்.

(ஃபார்மால்டிஹைடு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 150 டிகிரிக்கு மேல் காற்றில் சிலிகானைச் சூடாக்கினாலே கொஞ்சம் வரும். போஸ்ட் க்யூர் ஓவனின், அதாவது க்யூர் ஆன ரப்பரை மறுபடி சூட்டில் வைத்து மிச்சமிருக்கும் ஆவிகளை வெளியேற்றுகிற ஓவனின், புகைக்குழாய் ஷெட்டுக்குள்ளேயே திறந்திருந்தால் அதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், அங்கே நாள் முழுக்க நிற்கிறவர் மூச்சு விடுகிற காற்று அது.)

காற்றுப் படாத இடத்தின் கதை வேறு. அங்கே சங்கிலியே தன்னைத்தானே வளைத்துக் கடித்து, மூன்று நான்கு அலகுள்ள சிறு வளையங்களாகக் கழன்று ஆவியாகிப் போகிறது. சுத்தமான பாலிமரில் இது நடக்க 350 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உள்ளே அமிலமோ காரமோ ஈரமோ துளி இருந்தாலும் 200 சொச்சத்திலேயே ஆரம்பித்துவிடும். இதைத்தான் ரிவர்ஷன் என்கிறோம். திறந்த இடத்தில் ஈரமும் அமிலமும் ஆவியாகிப் போய்விடும், ஸ்டீல் சேனலுக்குள் அடைபட்டிருந்தால் போக வழியில்லை, அங்கேயே இருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது ஃபெரிக் ஆக்சைடு எங்கே உதவுகிறது என்று பாருங்கள். மெத்தில் எரிவது ரேடிக்கல்கள் (ஜோடி சேராத எலக்ட்ரானோடு துடிப்பாக நிற்கிற துணுக்குகள்) வழியாக, ஒன்று இன்னொன்றை உண்டாக்கி ஓடுகிற தொடர்வினை. மூன்று மின்சுமையுள்ள இரும்பு அந்த ரேடிக்கலிடமிருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தொடரை அறுத்துவிட்டு, தான் இரண்டாகக் குறைகிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனே அதைத் திரும்ப மூன்றுக்கு ஏற்றிவிடுகிறது. செலவழிந்து போகாமல் சுற்றிச் சுற்றி வேலை செய்வதால்தான் 2 பங்கு போதுமானதாக இருக்கிறது. சீரியமும் இதே ஆட்டத்தை நான்குக்கும் மூன்றுக்கும் இடையில் ஆடுகிறது. இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே விளங்கும்: காற்றே இல்லாத சேனலுக்குள் இந்தச் சுற்று ஓடாது. அதனால்தான் ரெட் ஆக்சைடு போட்டும் அடிப்பாகம் கொழகொழக்கிறது என்று சிலர் வந்து நிற்கிறார்கள்.

ரெட் ஆக்சைடு என்றதும் ஒரு எச்சரிக்கை. சிமெண்ட் தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதுவும் இரும்பு ஆக்சைடுதானே என்று தோன்றும். எனக்கும் ஒருகாலத்தில் தோன்றியது, ஒரு அவசர ஆர்டருக்குப் போட்டும் பார்த்தேன். மில்லில் நன்றாகத்தான் கலந்தது, நிறமும் அழகாக வந்தது. 250 டிகிரியில் மூன்று நாள் வைத்து எடுத்தபோது, எதுவுமே போடாத ஷீட்டை விட அது மோசமாக இருந்தது. காரணம் எளிது: அந்தச் சரக்கில் கரடுமுரடான துகள், களிமண், கரையக்கூடிய உப்பு எல்லாம் கலந்திருக்கும், உப்பும் அமிலத்தன்மையும் சங்கிலி அறுக்கிற வேலைக்குத் துணை போகும். நீங்கள் வாங்க வேண்டியது சிலிகானுக்கென்றே விற்கிற, நீரில் கரையும் உப்பு மிகக் குறைவான, பி.எச். நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கிற, மைக்ரானுக்குக் கீழே நுண்ணிய சரக்கு. வேலை நடப்பது துகளின் மேற்பரப்பில் என்பதால் நுண்மை மிக முக்கியம். தூளாக வாங்காமல் சிலிகான் கம்மிலேயே (எதுவும் கலக்காத வெறும் சிலிகான் பாலிமர்) அரைத்த மாஸ்டர்பேட்சாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் தூசி பறக்காது, கட்டி கட்டியாக நிற்காது.

இரும்பு ஆக்சைடு என்றால் எல்லா நிறமும் ஒன்றல்ல. மஞ்சள் ஆக்சைடு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற வகை, 180 டிகிரிவாக்கில் அந்தத் தண்ணீரை விட ஆரம்பித்துச் சிவப்பாகிவிடும். வெளியே வருகிற தண்ணீர் ரப்பருக்குள்ளேதானே போகும். கறுப்பு ஆக்சைடும் சூட்டில் காற்றோடு சேர்ந்து பழுப்பாகத் திரும்பும். சிவப்பு மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, சந்தையில் சிவப்பாக இருக்கிற எல்லா சிலிகானும் ஹை டெம்ப் கிடையாது. வெறும் ஆர்கானிக் சிவப்புச் சாயம் போட்டுவிட்டு அதே விலைக்கு விற்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு சின்னத் துண்டை மஃபிள் ஃபர்னஸ் என்கிற மூடிய உயர்சூட்டு உலையில், 600, 700 டிகிரியில் முழுக்க எரித்துச் சாம்பலைப் பாருங்கள். சிலிகான் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் வரும், அது சிலிக்கா. ஃபெரிக் ஆக்சைடு இருந்தால் சாம்பல் செங்கல் நிறத்தில் இருக்கும். சாயம் என்றால் அது எரிந்து போய் வெள்ளைதான் மிஞ்சும்.

சீரியம் பற்றிக் கொஞ்சம். வேலையில் இரும்புக்குக் குறைவில்லை, நிறம் வெளிர் மஞ்சள், அதனால் வெள்ளை, சாம்பல், நீலம் எதற்கும் இடைஞ்சல் இல்லை. விலை கூட. டைட்டானியம் டை ஆக்சைடையும் இதோடு சேர்த்துப் போடுவது வழக்கம். பெயிண்டுக்குப் போடுகிற சாதாரணப் பெருந்துகள் டைட்டானியத்திலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், ஃபியூம்டு வகை (சுடரில் தயாரிக்கிற மிக நுண்ணிய தூள்) வேண்டும். கார்பன் பிளாக்கும், குறிப்பாக அசிட்டிலீன் பிளாக், சிறிய அளவில் சூடு தாங்க உதவும். ஆனால் உங்களுக்கு அது ஒத்துவராது: டைகுளோரோபென்சாயில் பெராக்சைடை கார்பன் பிளாக் கெடுத்துவிடும், க்யூர் சரியாக ஏறாது. கறுப்பு வேண்டுமென்கிறவர்கள் டி.பி.பி.எச். என்கிற வேறொரு பெராக்சைடு போட்டு 170 டிகிரிவாக்கில் மோல்டில்தான் அடிப்பார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். புத்தகங்களில் நூறு பங்கு கம்முக்கு இவ்வளவு என்று இருக்கும். உங்கள் கையில் இருப்பது கம் இல்லை, சிலிக்கா கலந்த பேஸ் கம்பவுண்டு, 60 ஷோரில் கால் பங்கோ அதற்கு மேலோ சிலிக்கா இருக்கலாம். நான் மேலே சொன்ன 2 பங்கு கம்பவுண்டுக்குச் சொன்னது. 10 கிலோ கம்பவுண்டுக்கு 200 கிராம் ஆக்சைடு, 50 சதவீத மாஸ்டர்பேட்ச் என்றால் 400 கிராம். 4, 5 பங்குக்கு மேல் போய்ப் பயனில்லை, சூடு தாங்குவது அதற்குமேல் ஏறாது, இழுவிசைதான் இறங்கும்.

கலக்கும்போது மில் ரோலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கட்டும். முதலில் பேஸை ரோலைச் சுற்றிப் பட்டையாகப் பிடிக்கும்வரை மென்மையாக்கி, மாஸ்டர்பேட்சைத் துண்டு துண்டாகக் கொடுத்து, வெட்டி மடித்து வெட்டி மடித்துக் கலக்குங்கள். மெல்லிய ஷீட்டாக இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடு கோடாகத் தெரியக் கூடாது. பெராக்சைடு கடைசியில்தான், அதுவும் ஷீட் சூடேறியிருந்தால் ஆறவிட்டு. அதே மில்லில் ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பரோ இயற்கை ரப்பரோ ஓடுகிறது என்றால் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எப்போதாவது பிளாட்டினம் க்யூருக்கு (பெராக்சைடுக்குப் பதில் பிளாட்டினம் வினையூக்கி) மாறினால் இது இன்னும் கடுமை, அந்த ரப்பர்களில் இருக்கிற கந்தகம் துளி பட்டாலே க்யூர் நின்றுவிடும்.

இனி அடிப்பாகத்துக்கு வருவோம், எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். நீங்கள் போஸ்ட் க்யூர் செய்வதில்லை, கேஸ்கெட் எப்படியும் ஓவனுக்குள்தானே போகிறது, அங்கேயே ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் உங்கள் பெராக்சைடு க்யூர் முடிந்ததும் விட்டுப்போவது டைகுளோரோபென்சாயிக் அமிலம். சில வாரம் கிடந்த சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, துடைத்தால் போய் மறுபடி வருமே, அதுதான் அது. போஸ்ட் க்யூர் இல்லாமல் அந்தச் சுருளைச் சேனலில் சொருகினால் அமிலத்தை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. ரிவர்ஷனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. போதாததற்கு அந்த ஆவியில் மீதி, ரொட்டி வேகிற அறைக்குள் போகிறது. இதை நீங்கள் நாளைக்கே நிறுத்த வேண்டும்.

போஸ்ட் க்யூர் என்றால் 200 டிகிரியில் 4 மணி நேரம், புதுக்காற்று உள்ளே வந்து பழைய காற்று வெளியே போகிற ஓவனில். சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் தட்டில் பரப்பியோ தொங்கவிட்டோ வையுங்கள். காற்றளவுக்குக் கணக்கு உண்டு, ஒரு கிலோ ரப்பருக்கு நிமிடத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாமல். உள்ளேயே சுற்றுகிற விசிறி மட்டும் இருந்தால் அது போஸ்ட் க்யூர் ஆகாது, அமிலத்தையும் வளையங்களையும் அங்கேயே சுழற்றிக்கொண்டிருக்கும், ஆவி சேர்ந்தால் தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு. 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பகுதி என்றால் ஒரேயடியாக 200க்குப் போகாமல் 100, 150 என்று படிப்படியாக ஏற்றுங்கள், இல்லையென்றால் உள்ளே குமிழி விட்டுப் பிளந்துவிடும்.

இதுவும் போதாமல் அடிப்பாகம் இளகினால் அடுத்த படி பிளாட்டினம் க்யூர். அதில் அமிலமே மிஞ்சாது, எக்ஸ்ட்ரூஷனுக்கும் வரும், உணவு சம்பந்தப்பட்ட வேலைக்கும் அதுதான் சுத்தம். அமிலத்தைப் பிடித்து வைக்க மெக்னீசியம் ஆக்சைடோ கால்சியம் ஹைட்ராக்சைடோ சிறிதளவு போடுகிறவர்கள் உண்டு, ஆனால் அது காரம், அளவு மீறினால் அதுவே சங்கிலியை அறுக்கும், அதனால் நான் கடைசியாகத்தான் கை வைப்பேன். சிலசேன் வகைச் சேர்க்கைகள் (சிலிக்கானும் நைட்ரஜனும் பிணைந்தவை) ஈரத்தையும் சிலிக்காவின் மேலிருக்கும் ஹைட்ராக்சிலையும் பிடித்து நல்ல பலன் தரும், ஆனால் அவை அம்மோனியாவை விடுவதால் பிளாட்டினத்தோடு சண்டை போடும். பேஸ் வாங்கும்போதே மேற்பரப்பு பதப்படுத்திய ஃபியூம்டு சிலிக்காவா என்று கேளுங்கள். விலை குறைக்கச் சுண்ணாம்புத் தூள் அடித்த பேஸை 250 டிகிரி வேலைக்குத் தொடாதீர்கள். அலுமினா ட்ரைஹைட்ரேட் கலந்ததையும்தான், 200 டிகிரியைத் தாண்டினதும் அது தண்ணீர் விடும்.

சோதனை செய்யாமல் ஆர்டருக்கு ஓட்ட வேண்டாம். 2 மில்லிமீட்டர் ஷீட் நான்கு போடுங்கள்: எதுவும் போடாதது, ஆக்சைடு 1, 2, 4 பங்கு. எல்லாவற்றையும் போஸ்ட் க்யூர் செய்து, டம்பெல் வடிவச் சோதனைத் துண்டுகள் வெட்டி, ஷோரும் நீட்சியும் குறித்துக்கொண்டு, 250 டிகிரி ஏர் ஓவனில் 72 மணி நேரம் தொங்கவிடுங்கள், ஏ.எஸ்.டி.எம். டி 573 முறை இதுதான். எடுத்து ஒரு நாள் ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஷோர் 10 புள்ளிக்குள் ஏறி, நீட்சியில் பாதிக்கு மேல் மிஞ்சினால் அந்தக் கலவையை நம்பலாம். முடிந்தால் வேறு சரக்கை அதே ஓவனில் அதே நேரத்தில் தொங்கவிடாதீர்கள், ஒன்றின் ஆவி இன்னொன்றைக் கெடுக்கும். அப்புறம், பலர் செய்யாத ஒன்று: ஒரு துண்டை இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவே வைத்து போல்ட் போட்டு இறுக்கி அதே ஓவனில் வையுங்கள். உங்கள் சேனல் அதுதான். பிரிக்கும்போது ஒட்டினால் ஆக்சைடு எவ்வளவு போட்டும் பயனில்லை, போஸ்ட் க்யூருக்குத் திரும்புங்கள்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சிலிகான் 200 டிகிரியில் 10,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். 250இல் அது பல மடங்கு குறையும், நல்ல ஆக்சைடு அதைக் கணிசமாக நீட்டித் தரும், ஆனால் 200க்கான ஆயுள் திரும்பாது. 300 டிகிரி என்பது விட்டு விட்டுத் தாங்கலாம், நாள் முழுக்க இல்லை. 350க்கு மேல் கேட்கிறவரிடம் கிளாஸ் ஃபைபர் கயிறோ கிராஃபைட்டோ போடச் சொல்லிவிடுவதே நியாயம். நெருப்பில் பீங்கானாகிற சிலிகான் என்று கேபிளுக்கு ஒன்று விற்கிறார்கள், மைக்காவும் கண்ணாடித் தூளும் கலந்தது. அது தீ விபத்தில் ஒயரைக் காப்பாற்ற, வளைந்து கொடுத்து மூட வேண்டிய கேஸ்கெட்டுக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள்.

உதட்டின் சூட்டையும் ஒருமுறை நேரில் அளந்துவிடுங்கள். ஓவன் டிஸ்ப்ளே 250 காட்டினாலும், பர்னர் பக்கத்து மூலையில் அதைவிட எவ்வளவோ கூட இருக்கலாம். மெல்லிய தெர்மோகப்பிள் ஒயரை உதட்டுக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி ஒரு பேட்ச் ரொட்டி ஓடவிட்டால் தெரிந்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே மூலையில்தான் வெடிக்கிறது என்றால் கம்பவுண்டை விட அந்த மூலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டாக்கில் இருக்கும் சாம்பல் சரக்குக்கு: க்யூர் ஆன ரப்பருக்குள் இனி எதையும் கலக்க முடியாது. மேலே பூசுவது, ஊறவைப்பது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அத்தனையையும் போஸ்ட் க்யூர் செய்யுங்கள், பூத்திருக்கிற வெள்ளை போய்விடும், அமிலம் வெளியேறிவிடும். பிறகு 180 டிகிரிக்கு உள்ளே ஓடுகிற ட்ரையர், ஹாட் கேஸ் மாதிரியான வேலைகளுக்கு அதைச் சொல்லியே விற்கலாம், அங்கே அது நன்றாகவே உழைக்கும். பேக்கரிக்காரருக்கு மட்டும் அதை மறுபடி அனுப்பாதீர்கள்.